மூக்கில் பொட்டு வைத்த வாத்து

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் முன்னால் நின்று அரை மணி நேரம் பேச வேண்டும் என்று நம் பறவை அலுவலகத்து மேடம் சொன்னதும் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது. ஸ்டோர் ரூமுக்குள் போய் ஒளிந்தும் கொண்டேன். மேடம் கதவுக்கு வெளியே நின்று, "சரி, எழுதியாவது குடுங்க அக்கா" என்றார். உள்ளேயிருந்தே சரி என்றேன். அதனால் இதை உங்களில் குரல் நன்றாக இருக்கிற ஒருவர் சத்தமாகப் படியுங்கள். நான் அறையில் இருக்க மாட்டேன். கீழே டீக்கடையில் இருப்பேன். சிரிப்புச் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டால் நல்லபடியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பறவைப் பிழை இருந்தால் பொறுக்க வேண்டாம்.

தொலைநோக்கி பிடிப்பது, எண்ணுவது, நோட்டில் எழுதுவது எல்லாம் உங்களுக்கு ஒரு மாதத்தில் வந்துவிடும். அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கலப்பு வாத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு சாதி வாத்தும் இன்னொரு சாதி வாத்தும் கூடிப் பிறந்ததைப் பார்த்து, அதன் அப்பா அம்மா யார் என்று கண்டுபிடிக்கிற வேலை. இந்த அலுவலகத்தில் எல்லோரும் ஒரு தடவையாவது வழுக்கி விழுந்த இடம் அது. நான் இரண்டு தடவை விழுந்தேன். இரண்டாவது தடவை விழப்போய் நடுவில் நின்றுவிட்டேன் என்றும் சொல்லலாம்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் புளியந்தோப்பில் ஒரு கோழிக்கடையில் றெக்கை பிடுங்கிக்கொண்டிருந்தேன். கோழி, வாத்து, காடை, எது வந்தாலும் வெந்நீரில் முக்கிப் பிடுங்க வேண்டியது. பதினோரு வருடம். பிறகு திருவொற்றியூரில் இந்த அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்க வந்தேன். அப்போது இது ஒரே அறை, கீழே இரும்புக் கடை. மேசை மேல் சின்னச் சின்னக் கவர்களில் றெக்கைகளைப் போட்டுப் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு கவரில் ஊசிவால் வாத்து என்று எழுதியிருந்தது, உள்ளே கிடந்தது ஆண்டி வாத்தின் றெக்கை. யாரிடம் போய்ச் சொல்வது? வாய் வரவில்லை. பெருக்குகிற சாக்கில் றெக்கைகளைச் சரியான கவருக்கு மாற்றி வைத்துவிட்டுப் போய்விடுவேன். இப்படியே ஒரு மாதம் நடந்தது.

ஒருநாள் மேடம் எல்லோரையும் கூப்பிட்டு, "நம்ம ஆபீஸ்ல ஒரு பேய் இருக்கு. அதுக்கு வாத்து நல்லாத் தெரியும்" என்றார். எனக்குக் கையிலிருந்த துடைப்பம் நழுவியது. சத்தம் கேட்டுத் திரும்பியவர் என்னையே பார்த்தார். அடுத்த வாரம் என் கையில் தொலைநோக்கியைக் கொடுத்துவிட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர், சோடாபாட்டில் கண்ணாடி போட்டவர். எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். முதல் பாடமே இதுதான்: "பறவையப் பாத்ததும் இது யாருன்னு கேக்காதீங்க அக்கா. யாரா இருக்க முடியாதுன்னு கேளுங்க."

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் ஹவுசிங் போர்டு பிளாட்டில் குழந்தை பிறந்தால் ஜாடை பார்க்க வருவார்கள் இல்லையா, அதே கதைதான். மாமியார் குனிந்து பார்த்துவிட்டு, "மூக்கு அப்டியே எம்மவன்" என்பாள். பெண்ணைப் பெற்றவள், "கண்ணு எங்க வூட்டுக் கண்ணு" என்பாள். மாடிவீட்டுக்காரி ஒன்றும் சொல்லாமல் தாடையில் கை வைத்துக்கொள்வாள். அதிலேயே ஆயிரம் அர்த்தம் இருக்கும். அதே குழந்தை, அதே மூக்கு. ஆனால் யார் எந்தப் பக்கத்து ஆளோ அந்தப் பக்கத்து ஜாடைதான் கண்ணில் படும். போதாததற்கு, அப்பனுக்கும் இல்லாமல் ஆத்தாளுக்கும் இல்லாமல் ஒரு கன்னக்குழி வந்து உட்கார்ந்திருக்கும். மூன்று மாதம் அந்தக் கன்னக்குழியை வைத்தே தண்ணீர்க் குழாயடிப் பேச்சு ஓடும்.

வாத்திலும் அப்படித்தான். கலப்பு வாத்துக்கு இரண்டு பேரின் சாயலும் வரும், இரண்டு பேருக்கும் இல்லாத ஒன்றும் வரும். அதனால் ஜாடை பார்க்கிற வேலைக்குப் போகிறவர்கள் எந்தப் பக்கத்துக்கும் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. இது தெரிந்திருந்தும்தான் நான் விழுந்தேன்.

முதல் தடவை விழுந்தது புழல் ஏரிக்கரையில். குளிர்காலத் தொடக்கம். ஒரு வாத்து. உடம்பு பெட்டை மாதிரி மண் நிறம், விலாவில் அங்கங்கே செம்பழுப்பு, தலையில் திட்டுத் திட்டாகப் பச்சை, மூஞ்சியில் கண்ணுக்கு முன்னால் பிறை மாதிரி ஒரு வெள்ளை. அலகோ கரண்டி மாதிரி அகலம். ஒரு பக்கம் ஆண்டி வாத்து, அந்த வெள்ளைப் பிறை வேறு எவனோ கொடுத்தது என்று என் தலைக்குள் பட்டாசு வெடித்தது. வாழ்க்கையில் சத்தமாகப் பேசாதவள் நான். அன்றைக்கு எழுந்து நின்று, "கலப்பு! கலப்பு!" என்று கத்தினேன். ஏரியில் இருந்த அத்தனை வாத்தும் பறந்துபோனது. எங்கள் ஆட்கள் ஆறு பேர் காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்த கணக்கும் அதோடு பறந்துபோனது.

மேடம் திட்டவில்லை. "மூணு வாரம் கழிச்சு வந்து பாப்போம்" என்றார். வந்து பார்த்தோம். அதே இடத்தில், கொஞ்சம் கால் நொண்டுகிற அதே வாத்து. தலை முழுக்கப் பச்சை, மார்பு பளிச்சென்று வெள்ளை, விலா முழுக்கச் செம்பழுப்பு. பிறையைக் காணோம். அசல் ஆண்டி வாத்துக் கிடா, ஆண் வாத்து. நான் பார்த்த அன்றைக்கு அது பழைய றெக்கையை உதிர்த்துப் புது றெக்கை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். சட்டை மாற்றிக்கொண்டிருந்த பையனின் அறைக்குள் எட்டிப் பார்த்து ஊரைக் கூட்டியிருக்கிறேன். வெட்கத்தில் ஒரு வாரம் நான் யாரிடமும் பேசவில்லை. வழக்கமாகவே பேசாததால் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

இனி கஸ்தூரியின் கதைக்கு வருகிறேன்.

கஸ்தூரி எர்ணாவூர்ப் பக்கம் கழிமுகத்தை ஒட்டி வாத்து வளர்த்தவள். அறுபது வாத்து. காலையில் திறந்துவிட்டால் அதுவாகத் தண்ணீருக்குப் போய் மேய்ந்துவிட்டு வரும். சாயங்காலம் அவள் தகர டின்னைத் தட்டினால் எல்லாம் வீட்டுக்கு ஓடி வரும். காசிமேட்டில் ஏலம் முடிந்து கழித்துப்போட்ட பொடிமீனைக் கூடையில் வாங்கிவந்து அவற்றுக்குப் போடுவாள். முட்டை விற்பாள், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கறிக்கு விற்பாள். புருஷன் இல்லை. அந்த அறுபது வாத்துதான் அவளுக்கு எல்லாம். முன்பு என்னோடு அதே கோழிக்கடையில் வேலை பார்த்தவள், அந்தக் காலத்திலிருந்தே எனக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சரியாக நினைவில்லை. புழலில் புது ஜெயில் வந்துவிட்ட சமயம் என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு மத்தியானம் அலுவலகத்துக்குப் போன் வந்தது. எர்ணாவூரில் ஒரு பொம்பளை காட்டு வாத்தைப் பிடித்து வளர்க்கிறாள், அது என்ன வாத்து என்று பார்த்து எழுதிக்கொடுக்க ஆள் அனுப்புங்கள் என்று வனத்துறை ரேஞ்சர் கேட்டிருக்கிறார். மேடம் வெளியூர் போயிருந்தார். மற்றவர்கள் பழவேற்காட்டில். அலுவலகத்தில் இருந்தது நானும் மின்விசிறியும்தான். போகிற வழியெல்லாம் பஸ்ஸில், பேச வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

போய்ப் பார்த்தால் கஸ்தூரி வீட்டு வாசல். தெருவே கூடியிருந்தது. ஓர் இளம் வனக்காவலர் கையில் கூடையை வைத்துக்கொண்டு நின்றார். கூடைக்குள் வாத்து. நாற்காலியில் ரேஞ்சர், தலை நரைத்த மனிதர், யாரோ கொடுத்த கலரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கஸ்தூரி ஓடிவந்தாள். "யக்கா, நீயா? நல்ல நேரத்துல வந்த. இன்னான்னு கேளு இந்த அநியாயத்த! என் வூட்டு முட்டைல பொறிச்சது, என் கையால வளந்தது. இத்தப் போயி காட்டு வாத்து, ஏரிலேர்ந்து புட்ச்சிகினு வந்தேன்றாரு!"

"பின்ன வீட்டு வாத்து பறக்குமா?" என்றார் காவலர். "காம்பவுண்டு செவுத்தத் தாண்டிப் பறக்குது. நான் கண்ணால பாத்தேன்."

"பறந்தா தப்பா? உனுக்கு றெக்க இருந்தா நீகூடதான் பறப்ப, நைனா!"

தெரு சிரித்தது. காவலர் முகம் சிவந்தது. கூடையிலிருந்து வாத்தின் தலையை வெளியே எடுத்துக் காட்டினார். "சரி, இது இன்னா? அலகு நுனி மஞ்சள். அலகு ஆரம்பிக்கிற எடத்துல, நெத்திகிட்ட, ரெண்டு பக்கமும் செவப்புப் புள்ளி. புஸ்தகத்துல போட்டுக்கீது. புள்ளிமூக்கு வாத்து. சட்டப்படி காட்டுப் பறவை. இத்த புட்ச்சி வெச்சா கேஸு. கேஸுன்னா நேரா புழலுதான்."

எனக்குப் புழல் என்றால் ஏரி. அன்றைக்குக் கஸ்தூரிக்குப் புழல் என்றால் வேறு. அவள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு அது உறைத்தது. இவள் உள்ளே போனால் மீதி ஐம்பத்தொன்பதை யார் பார்ப்பார்கள்? ஒரே வாரத்தில் ஊரே குழம்பு வைத்து முடித்திருக்கும்.

"புள்ளியா? அது புள்ளி இல்ல சாமி, பொட்டு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் கஸ்தூரி. "நான் வெச்ச பொட்டு! ஊர்சுத்தி வாத்து மூணு கீது. அடுத்தவன் மந்தையில போயி பூந்துக்கும். என்னுதுன்னு அடையாளம் வோணாமா? காசிமேட்டுல மீன் புடிக்கிற போட்டுக்கு அடிக்கிற செவப்பு பெயிண்டு கொஞ்சம் வாங்கியாந்து, குஞ்சா இருக்கும்போதே மூக்குல ரெண்டு பக்கமும் பொட்டு வெச்சேன். எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் தெரியணும்ல!"

"இதெல்லாம் கதை" என்றார் காவலர்.

"மத்த ரெண்டு ஊர்சுத்தியையும் பாரு. அதுங்களுக்கும் வெச்சிக்கீறேன்."

"அது என்னப் பாத்ததும் வெச்சிருப்ப."

ரேஞ்சர் கலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பஸ்ஸில் சொல்லிப் பார்த்த அத்தனையும் மறந்துபோனது. பேச முடியாதவளுக்குக் கைதான் வாய். வாத்தை வாங்கி மடியில் அணைத்து உட்கார்ந்து, அலகைப் பிடித்து, வலது கட்டைவிரல் நகத்தால் அந்தச் சிவப்பைச் சுரண்டினேன்.

பொளக்கென்று பெயர்ந்து வந்தது. பெயிண்ட்!

சிவப்புச் சில்லு என் நகத்து மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உயர்த்திக் காட்டினேன். தெரு விசிலடித்தது. "தோ பாரு! தோ பாரு! பொட்டு அழிஞ்சிச்சி!" என்று கஸ்தூரி கையைத் தட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். காவலர் கழுத்தைத் தடவிக்கொண்டார். ரேஞ்சர் எழுந்திருக்கப் போனார். எனக்கும் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் எனக்காக யாரும் விசிலடித்ததில்லை. சந்தோஷத்தோடு குனிந்து வாத்தைப் பார்த்தேன்.

பெயிண்ட் போன இடத்தில் இன்னொரு பொட்டு இருந்தது.

சின்னது. செங்கல் நிறம். மறுபடியும் நகத்தை வைத்தேன். வரவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். போகவில்லை. அது வாத்தின் சொந்தப் பொட்டு. பிள்ளைகளே, குஞ்சாக இருந்தபோது கஸ்தூரி பெயிண்ட் வைத்தாள். வளர வளர அதற்குக் கீழேயே அசல் புள்ளி முளைத்திருக்கிறது. அவளுக்கே தெரியாது. பொட்டுக்குக் கீழே பொட்டு!

அந்த நேரத்தில் என் கட்டைவிரல் அந்தப் புள்ளியின் மேல் இருந்தது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. விரலை எடுக்காமல் வாத்தைக் கஸ்தூரி கையில் கொடுத்திருந்தால் போதும். ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும், எனக்கு அதைவிட நன்றாக வருகிற வேலை உலகத்தில் கிடையாது. கஸ்தூரியும் நானும் ஒரே கடையில் வெந்நீர் ஊற்றியவர்கள். என் கண்ணும் அவள் பக்கத்துக் கண்தான். ஜாடை பார்க்க வந்த மாமியார் மாதிரி ஆகிவிட்டேனே என்று அப்போதுதான் தோன்றியது.

விரலை எடுத்தேன். "சார், கீழ ஒண்ணு இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரேஞ்சர் காதருகே கை வைத்துக்கொண்டு குனிந்தார். மறுபடி சொன்னேன்.

விசில் நின்றுபோனது. "யக்கா!" என்றாள் கஸ்தூரி. அந்த ஒரு சொல்லை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் காவலர்.

"நீங்க சொன்னதும் இல்ல" என்றேன். வாய் ஒருதடவை திறந்துகொண்டதால் அது பாட்டுக்கு வந்தது. இப்போது என் கைகள் வேலையைத் தொடங்கியிருந்தன. யாராக இருக்க முடியாது? அசல் புள்ளிமூக்கு என்றால் முதுகோரத்தில் பளிச்சென்று அகலமான வெள்ளை இருக்க வேண்டும். இதில் நூல் மாதிரி ஒரு ஓரம்தான். தலையை வெயிலில் திருப்பினேன். பாசி மாதிரி ஒரு பச்சை மினுக்கியது. அது புள்ளிமூக்குக்குக் கிடையாது. கடைசியாக வாலைத் தூக்கினேன். நான் ஆயிரம் வாத்து வாலைப் பிடுங்கியவள். வீட்டு வாத்துக் கிடாவுக்கு வால் நடுவில் றெக்கை சுருண்டு நிற்கும், சலூன் கடைக்குப் போய்வந்த மாதிரி. புள்ளிமூக்குக்கு அந்தச் சுருட்டை வராது. இந்த வாத்துக்கு ஒரே ஒரு றெக்கை, பாதி சுருண்டு, மீதி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது.

அதைப் பிடித்துக் காட்டினேன். "இது காட்டு வாத்தும் இல்ல, வீட்டு வாத்தும் இல்ல சார். பாதி புள்ளிமூக்கு, பாதி நம்ம வீட்டு வாத்து. கலப்பு."

கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "அடி கஸ்தூரி, உன் வூட்டுப் பொண்ணு ஒண்ணு எவன்கூடயோ பழகிக்கீதுடி!" என்றார்.

"யோவ், வாயக் கய்வு! என் வாத்துங்க ஒயுங்கான வாத்துங்க!"

"அடியே, ஒயுங்கான வாத்துன்னு சொன்னா நீ உள்ள போவணும்டி!"

கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். தன் வாத்தின் மானத்தைக் காப்பாற்றினால் ஜெயில். மானம் போனால் வீடு.

ஆனால் காவலர் விவரமானவர். "சரி, பாதி காட்டு வாத்து. அந்தப் பாதி அப்பனா, ஆத்தாளா? ஆத்தான்னா முட்டைய காட்டு வாத்துக் கூட்டுலேர்ந்துதானே எடுத்திருக்கணும்? அதுவும் கேஸுதான்" என்றார்.

"எந்த வாத்து போட்ட முட்டைல வந்தது?" என்று கேட்டார் ரேஞ்சர்.

கஸ்தூரி விழித்தாள். "பத்து முட்டைய அடைக்கோழிக்குக் கீய வெச்சேன் சார். எது எந்த வாத்து போட்டதுன்னு எனுக்கு எப்டித் தெரியும்?"

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில், அப்பன்தான் காட்டு வாத்து என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானும் வீட்டுக்குப் போகிறேன் என்று இருந்தது. கஸ்தூரியின் பார்வையிலும் அதுதான் இருந்தது. உண்மையும் அதுவாகத்தான் இருக்கும் என்று என் மனதுக்கும் பட்டது.

"ஒரு போன் பண்ணிட்டு வர்றேன்" என்று வாத்தையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.

முனையில் இருந்த கடையில் ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற பெட்டி. மேடத்தின் நம்பர் முந்தானையில் முடிந்த சீட்டில் இருந்தது. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். "அப்பன் யாருன்னு சொல்லணுமாம் மேடம். நான் என்ன சொல்லட்டும்?"

"பறவை உங்க கையில இருக்கு அக்கா. என் கையில போன்தான் இருக்கு" என்றார். "அது உங்ககிட்ட எவ்வளவு சொல்லிச்சோ..."

காசு தீர்ந்து பெட்டி கீச்சென்றது. என்னிடம் வேறு ஒரு ரூபாய் நாணயம் இல்லை. கடைக்காரரிடம் சில்லறை கேட்கக் கூச்சம். திரும்பி நடந்தேன். நடக்கும்போது மீதி வாக்கியத்தை நானே முடித்துக்கொண்டேன்.

"சார், ஜாடையப் பாத்து ரெண்டு பக்கமும் யாருன்னு சொல்ல முடியும். அதுல எது அப்பா, எது அம்மான்னு இந்த வாத்தப் பாத்து சொல்ல என்னால முடியாது. எழுதிக் குடுக்கச் சொன்னா அப்படித்தான் எழுதுவேன்."

கஸ்தூரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. அடுக்களைப் பக்கம் போய்ப் பொடிமீன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "கேஸ் எய்தறவங்க எய்துங்க. அதுங்களுக்குப் பசிக்கும்" என்று தகர டின்னை எடுத்துத் தட்டினாள்.

டமடமடம என்று சத்தம். தண்ணீரிலிருந்து வாத்துகள் கரையேறின. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, விழுந்து, குவாக் குவாக் என்று கத்திக்கொண்டு, ஸ்கூல் விட்ட மாதிரி ஓடி வந்தன. காவலர் காலுக்கு நடுவில் நான்கு, ரேஞ்சர் நாற்காலிக்குக் கீழே ஆறு. அப்போது தலைக்கு மேல் விசுக்கென்று ஒரு சத்தம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். கழிமுகத்துப் பக்கமிருந்து ஒரு வாத்து தாழப் பறந்து, காம்பவுண்டைத் தாண்டி, ஒரு வட்டம் போட்டு, கூட்டத்துக்கு நடுவே பொத்தென்று இறங்கியது.

அலகு நுனி மஞ்சள். இரண்டு பக்கமும் சிவப்புப் புள்ளி. முதுகோரத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. அசல் புள்ளிமூக்கு. பெயிண்ட் இல்லாதது.

அது யாரையும் சட்டை செய்யவில்லை. நேராகக் கூடைப் பக்கம் போய், கஸ்தூரியின் பழுப்புப் பெட்டை ஒன்றின் பக்கத்தில் நின்று, இரண்டு வாய் பொடிமீன் தின்றது. பிறகு தலையை மேலும் கீழும் ஆட்ட ஆரம்பித்தது. ஆட்டிக்கொண்டே அந்தப் பெட்டையைச் சுற்றி வந்தது. அந்தப் பெட்டையும் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் தலையை ஆட்டியது.

"புள்ளிமூக்குல ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான இருக்கும்?" என்றார் காவலர். குரல் இறங்கியிருந்தது. "இது ஆணுன்னு எப்டி..."

"சத்தத்தக் கேளுங்க" என்றேன். பெட்டை வாத்துதான் குவாக் குவாக் என்று ஊருக்குக் கேட்கக் கத்தும். கிடாவுக்குச் சளி பிடித்த குரல். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். புள்ளிமூக்கு கழுத்தை நீட்டி, தொண்டை கட்டினவர் பேசுகிற மாதிரி ரேப், ரேப் என்றது.

முதலில் சிரித்தது ரேஞ்சர்தான். நாற்காலியே ஆடியது. "மாப்பிள்ளை சாப்பிட வந்துட்டாருய்யா!" என்றார்.

அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தெரு முழுக்க ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காவலர் திரும்பி நின்று சிரித்தார். கஸ்தூரி அந்தப் பழுப்புப் பெட்டையைப் பார்த்து, "அடிப் பாதகத்தி! நீதானா! மூஞ்சப் பாத்தா ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துகினு!" என்று கையை ஓங்கினாள். அப்புறம் அதே கையால் கூடையிலிருந்து ஒரு பிடி பொடிமீனை அள்ளி அந்தப் புள்ளிமூக்கின் முன்னால் தனியாகப் போட்டாள். "துன்னு நைனா, நல்லா துன்னு. நீ மட்டும் இன்னைக்கு வர்லன்னா நான் புழலுல இருந்திருப்பேன்" என்றாள். என் இடுப்பில் இருந்த கலப்பு வாத்தும் திமிறி இறங்கி, அந்தப் பக்கமே ஓடியது.

ரேஞ்சர் கேஸ் எழுதவில்லை. "இவ போயி எதையும் புடிக்கல. அதுவா வருது, அதுவா போவுது. கூண்டுல மட்டும் அடைக்காதம்மா, அது இஷ்டத்துக்கு இருக்கட்டும்" என்றார். ஆனால் என் காகிதத்தில் நான் முன்பே சொன்னதைத்தான் எழுதினேன்: ஒரு பக்கம் புள்ளிமூக்கு, ஒரு பக்கம் வீட்டு வாத்து, எது தந்தை என்று இந்தப் பறவையைக் கொண்டு சொல்ல இயலாது. மாப்பிள்ளை வந்ததைத் தனியாக, கீழே, சாயங்காலம் பார்த்தது என்று எழுதினேன். ஏனென்றால் அன்று வந்த மாப்பிள்ளைதான் போன வருடத்து மாப்பிள்ளை என்று யாருக்குத் தெரியும்? வாத்து சொன்னதையும் ஊர் சிரித்ததையும் ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். மேடம் அதைப் படித்துவிட்டு ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை. எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினார்.

கஸ்தூரி என்னோடு ஒரு வாரம்தான் பேசவில்லை. எட்டாம் நாள் பத்து வாத்து முட்டையோடு அலுவலகத்துக்கு வந்து, "நீ வெரல எடுத்தப்போ உன் கய்த்த நெரிக்கலாம்னு இருந்துச்சி யக்கா" என்றாள். "இப்போ?" என்றேன். "இப்போ இல்ல. வெரல நீ எடுக்காம, நாளைக்கு அந்தத் தம்பியே சொரண்டிப் பாத்திருந்தா, அப்பால நீ இன்னா சொன்னாலும் எவன் நம்பிருப்பான்?" என்றாள். அப்புறம் ரகசியம் மாதிரி, "இனிமே செவப்பு பெயிண்டே கிடையாது, மாத்திட்டேன்" என்றாள்.

மாற்றினாள். அடுத்த குளிர்காலத்தில் பெரிய கேமரா வைத்திருக்கும் இரண்டு இளைஞர்கள் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு போட்டோ கொண்டுவந்தார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் எடுத்தது. மேடத்திடம் காட்டினார்கள். அலகின் இரண்டு பக்கமும் நல்ல நீலப் புள்ளி உள்ள வாத்து, உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். அப்பா யார், அம்மா யார் என்று மூன்று பேரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலை எர்ணாவூர் போய் வந்தேன். மேடத்தின் மேசையில், அந்தப் போட்டோவுக்குப் பக்கத்தில், பாதி தீர்ந்த நீலப் பெயிண்ட் டப்பா ஒன்றை வைத்துவிட்டுப் பெருக்கப் போய்விட்டேன். உள்ளேயிருந்து மேடம் சிரிக்கிற சத்தம் கீழே இரும்புக் கடை வரைக்கும் கேட்டதாம்.

அவ்வளவுதான் பிள்ளைகளே. படித்தவர் தண்ணீர் குடியுங்கள். பிறகு எல்லோரும் கீழே வாருங்கள், டீ சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பேசச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவராக வலது கையை நீட்டுங்கள். கட்டைவிரலில் நகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.